தீவுப் பயணத்தைத் திரும்பும் நேரத்திலிருந்து திட்டமிடுங்கள்

கேள்வி இது: பெரியவர்கள் ஆறு பேர், சிறுவர்கள் இருவர். கரையிலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளி, பவளப்பாறை சூழ்ந்த ஒரு வெப்பமண்டலத் தீவு. காலையில் சிறிய வாடகைப் படகில் போய், மணற்கரையில் குளித்துக் களித்துவிட்டு, அன்றே திரும்ப வேண்டும். எப்படித் திட்டமிடுவது, எதையெல்லாம் எடுத்துப்போவது?

எடுத்துப்போகும் சாமான்களைப் பிறகு பார்ப்போம். அதில் ஒன்றிரண்டு விட்டுப்போனால் கொஞ்சம் சிரமப்படுவீர்கள், அவ்வளவுதான். நேரக் கணக்கு பிசகினால்தான் ஆபத்து. "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். நீங்கள் "தீவைவிட்டு எத்தனை மணிக்குள் கிளம்பியாக வேண்டும்?" என்று தொடங்குங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வரும்.

காரணம் காற்று. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழ, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று பாய்கிறது. முற்பகலில் தொடங்கும் இந்தக் கடற்காற்று பெரும்பாலும் பிற்பகல் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் உச்சத்தில் இருக்கும். அதனால் காலை ஏழு மணிக்குக் குளம்போலக் கிடந்த கடல் மூன்று மணிக்கு வேறு கடலாகிவிடும். தீவின் காற்று மறைவுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அங்கே தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும். முனையைத் தாண்டிய பிறகுதான் அலை கண்ணில் படும்.

திரும்பும்போது கடற்காற்று முதுகுக்குப் பின்னாலிருந்துதானே வீசும், அது உதவிதானே என்று தோன்றலாம். பாய்மரத்துக்கு உதவி. எஞ்சின் படகுக்குப் பின்னாலிருந்து வரும் அலை தொல்லை. அலையின் முதுகிலிருந்து சரியும் படகு முன்னாலுள்ள அலையில் மூக்கைக் குத்தும். பின்பக்கம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, படகு அலைக்குக் குறுக்கே திரும்பப் பார்க்கும். குறுக்கே திரும்பிய சிறு படகைக் கவிழ்க்க அடுத்த அலை போதும். ஆகவே காற்று எதிரே வந்தாலும் பின்னே வந்தாலும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் ஓட்ட முடியும்.

இப்போது கணக்குப் போடுங்கள். அமைதியான கடலில் மணிக்கு 24 கிலோமீட்டர் ஓடும் படகு 18 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் கடக்கும். அலையில் அதே தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம். சூரியன் ஆறு மணிக்கு மறைகிறது என்று வையுங்கள். வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது. சூரியன் நேர்செங்குத்தாக இறங்குவதால் அரை மணிக்குள் இருட்டிவிடும். எஞ்சின் மக்கர் செய்தால் சரிசெய்யவோ, வேறு படகு வந்து இழுத்துப்போகவோ இரண்டு மணி நேர வெளிச்சம் கையிருப்பில் வேண்டும். அப்படியென்றால் கரையில் நான்கு மணி, தீவில் கிளம்புவது இரண்டரை. எட்டுப் பேரை மூட்டை முடிச்சுகளோடு ஏற்ற அரை மணி ஆகும் (ஒருவருடைய ஒற்றைச் செருப்பைத் தேடும் நேரமும் இதில் சேர்த்தி), ஆகவே தண்ணீரைவிட்டு எழுவது இரண்டு மணிக்கு. காலை ஏழுக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் இறங்கிவிட்டால் தீவில் ஆறு மணி நேரம் இருக்கிறது. அந்த வெயிலில் அதற்கு மேல் யாரும் தாக்குப்பிடிக்க மாட்டார்கள்.

அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும். பாறை சூழ்ந்த தீவில் உள்ளே போவதும் வெளியே வருவதும் பாறையின் மேல் நிற்கும் தண்ணீரைப் பொறுத்தது. பெரும்பாலான கடற்கரைகளில் ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம். ஆனால் தண்ணீர் ஒரே சீராக இறங்காது. முதல் மணியில் மொத்த இறக்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று பங்கு, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. மாலுமிகளின் இந்த மனக்கணக்கு தோராயமானதுதான், ஆனால் திட்டமிடப் போதும்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஏற்றத்தின் உச்சம் காலை 9.00 மணி, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 1.8 மீட்டர், உச்சத்தில் பாறை மேல் 2 மீட்டர் தண்ணீர். நண்பகலில் 0.9 மீட்டர் இறங்கி 1.1 மீட்டர் மிஞ்சும். ஒரு மணிக்கு 0.65 மீட்டர்தான். படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சினின் கால் கிட்டத்தட்ட அந்த ஆழத்துக்கு இறங்கியிருக்கும். அலையின் பள்ளத்தில் படகு இறங்கும் நொடியில் விசிறி பாறையில் மோதும். இரண்டரை மணிக்கு முழங்காலளவு தண்ணீர்கூட இருக்காது. காற்றுக் கணக்கில் சரியாக வந்த இரண்டரை மணி, ஓதக் கணக்கில் தோற்றுவிட்டது. படகோட்டி பன்னிரண்டு மணிக்கே அவசரப்படுத்துவதற்கும், சில படகுகள் மாலை வரை உள்ளே சிறைப்பட்டுக் கிடப்பதற்கும் இதுதான் காரணம்.

இதற்குத் தீர்வு நேரத்தை மாற்றுவதல்ல, தேதியை மாற்றுவது. ஏற்றம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாகும். மூன்று நாள் தள்ளிப்போட்டால் உச்சம் 11.30க்கு வரும். அப்போது எட்டு மணிக்கு உள்ளே நுழையவும் இரண்டரைக்கு வெளியே வரவும் போதிய ஆழம் இருக்கும். ஏற்றத்தின் உச்சம் பதினொன்றை ஒட்டி வரும் நாள்தான் இத்தகைய தீவுக்கு நல்ல நாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும், நீரோட்டமும் வலுக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கரீபியன் போன்ற சில கடல்களில் ஓத வேறுபாடு அரை மீட்டரைக்கூடத் தொடாது. அங்கே இந்தப் பத்திகளை மறந்துவிட்டுக் காற்றை மட்டும் பாருங்கள்.

வானிலை அறிக்கையில் வெயிலா மழையா என்று பார்ப்பது போதாது. காற்றின் வேகம், அலையின் உயரம், அலையின் இடைவெளி, இந்த மூன்றும் வேண்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். காற்று 10 நாட் வரை இருந்தால் குடும்பத்தோடு போகலாம். 11 முதல் 16 நாட் என்றால் கடலில் பரவலாக வெள்ளை நுரை தெரியும். திறந்த சிறு படகில் எல்லோரும் நனைவார்கள், சிலர் வாந்தி எடுப்பார்கள். 20 நாட் என்றால் பயணத்தை விடுங்கள். அறிக்கையில் வரும் அலை உயரம், அலைகளிலேயே உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால் அவ்வப்போது இரண்டு மீட்டரை நெருங்கும் ஒன்றும் வரும். இடைவெளியோ அதைவிட முக்கியம். பத்து நொடிக்கு ஒருமுறை வரும் ஒரு மீட்டர் அலையில் படகு தொட்டில்போல ஏறி இறங்கும். நான்கு நொடிக்கு ஒருமுறை வரும் அதே உயர அலை முதுகெலும்பை உலுக்கிவிடும். நீரோட்டம் ஒரு திசையிலும் காற்று எதிர்த்திசையிலும் இருந்தால் அலை குட்டையாகி, செங்குத்தாகி, அறிக்கை சொன்னதைவிட மோசமாகும். முதல் நாள் மாலை ஒருமுறை, கிளம்பும் காலை ஒருமுறை பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் கணிப்பு மோசமாகிக்கொண்டே வந்திருந்தால், எண்கள் இன்னும் எல்லைக்குள் இருந்தாலும் போகாமலிருப்பதே மேல்.

படகு பிடிக்கும்போது விலையைவிட முதலில் கேட்க வேண்டியது எத்தனை பேரை ஏற்றலாம் என்பது. குழந்தைகளும் படகோட்டியும் உதவியாளும் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். சிறு படகு கவிழ்வது பெரும்பாலும் பெரும்புயலில் அல்ல. அளவுக்கு மீறி ஏற்றியிருக்கும்போது எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால். "அதோ டால்பின்" என்ற ஒரு கூச்சல் போதும். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்று குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள், பெரியவர்களுக்கும்தான்.

எரிபொருளுக்கு மூன்றில் ஒரு பங்கு விதி: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. "தேவையான அளவு போட்டிருக்கிறேன்" என்ற பதில் போதாது; தொட்டியைக் கண்ணால் பாருங்கள். 60 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் முழு விசையில் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும், அலையில் இன்னும் நேரமும் கூடும். நங்கூரமும் போதிய கயிறும் உண்டா என்று கேளுங்கள். கயிற்றின் நீளம் ஆழத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு இருந்தால்தான் நங்கூரம் கிடைமட்டமாக இழுபட்டு மணலைக் கவ்வும். குட்டைக் கயிற்றில் அது மேல்நோக்கி இழுபட்டுப் பிடி விட்டுவிடும். எஞ்சின் நின்றுபோனால் முதலில் செய்ய வேண்டியது நங்கூரத்தை இறக்குவது, பிறகுதான் மூடியைத் திறந்து பார்ப்பது. முதலில் எஞ்சினை நோண்டிக்கொண்டிருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் படகு பாறையில் போய்ச் சேர்ந்திருக்கும். செல்போன் அலை 18 கிலோமீட்டரில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப் ரேடியோ இருக்கும் படகைத் தேர்ந்தெடுங்கள். அவசர அழைப்புக்கு உலகெங்கும் சேனல் 16.

லைஃப் ஜாக்கெட்டில் கொஞ்சம் நிற்போம். "இருக்கிறது" என்பது பதிலல்ல. இருக்கைக்கு அடியில் கட்டிவைத்த மூட்டையை அவிழ்க்கச் சொல்லி எட்டையும் எண்ணுங்கள், அதில் இரண்டு சிறுவர் அளவா என்று பாருங்கள். 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) என்று அச்சிட்டிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கான மிதவை; மயங்கியவரை மல்லாக்கத் திருப்பாது. ஒதுக்கமான கடலுக்கு 100, திறந்த கடலுக்கு 150. சிறுவனுக்கு மாட்டிவிட்டு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதைத் தொடுமளவு ஏறினால் பெரிது. தண்ணீரில் அது மட்டும் மிதக்கும், பையன் அதிலிருந்து நழுவிக் கீழே போவான். தொடைகளுக்கு நடுவே போகும் பட்டை இருந்தால் அதைக் கட்டாமல் விடக்கூடாது. பிளாஸ்டிக் கொக்கி ஒவ்வொன்றையும் மாட்டி இழுத்துப் பாருங்கள், வெயிலில் காய்ந்து நொறுங்கும் கொக்கி கையோடு வந்துவிடும். கரையிலேயே அணியுங்கள். கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் அணிவது நினைப்பதைவிடப் பலமடங்கு கடினம்.

யார் எங்கே உட்கார்வது என்பதையும் தற்செயலுக்கு விடாதீர்கள். முன்பக்கம், அதாவது அணியம், பார்வைக்கு அழகு. ஆனால் அலையில் அதிகம் தூக்கி அடிப்பதும் அங்கேதான். வேகப் படகின் முன்பக்கம் உட்கார்ந்த நடுவயதினருக்கு முதுகெலும்பு நசுங்கி முறிந்தது உண்டு. முதுகுவலிக்காரர், வயதானவர், கர்ப்பிணி ஆகியோர் நடுவுக்கும் பின்னுக்கும் இடையில் உட்காரட்டும். தலைசுற்றும் ஆட்களுக்கும் அதே இடம்தான், ஆனால் புகை முகத்தில் அடிக்காத பக்கம். பார்வை தொடுவானத்தில் இருக்க வேண்டும், போனில் அல்ல. டைமென்ஹைட்ரினேட் போன்ற குமட்டல் தடுப்பு மாத்திரை கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பு உள்ளே போக வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் விழுங்கினால் அது மாத்திரையோடுதான் வெளியே வரும். சிறுவர்களுக்கான அளவை மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

தீவில் துறை இருக்காது. இடுப்பளவுத் தண்ணீரில்தான் இறங்குவீர்கள். எஞ்சின் நிற்கும்வரை யாரும் எழ வேண்டாம். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். ஓர் அலை போதும், ஒன்றிரண்டு டன் எடையைத் தூக்கி மேலே போட்டுவிடும். பக்கவாட்டில் இறங்கி விலகி நடக்க வேண்டும். நடக்கும்போது கால்களைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து ஓடிவிடும், மிதித்தால்தான் கொட்டும். அடி தடித்த ரப்பர் செருப்பு கழன்றுவிடாதபடி பின்பட்டையோடு இருக்கட்டும்.

குளிக்கும் இடத்தைத் தேர்வதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பாறைகளுக்கு நடுவே அலையே உடையாத, ஆழ்நீலமான ஓர் இடைவெளி தெரியும். அமைதியாகத் தெரிவதால் அங்கே இறங்குவார்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் முழுவதும் வற்றத்தின்போது அந்த வாய்வழியாகத்தான் வெளியேறும், அதுவும் ஓர் ஆற்றைப்போல. சிக்கிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்துகொண்டே கையை உயர்த்தி அழையுங்கள், ஓட்டம் தளர்ந்ததும் பக்கவாட்டில் விலகி, அலை உடையும் இடத்தின் வழியாகத் திரும்புங்கள். ஸ்நார்கெல் (நீருக்கு மேல் நீளும் மூச்சுக்குழல்) போடுபவர்கள் முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போகட்டும், களைத்த பின் அது திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இருவர் இருவராகப் போக வேண்டும். மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். மூச்சு முட்டும் எச்சரிக்கையை அது தள்ளிப்போட, ஆள் சத்தமின்றி நீருக்குள்ளேயே மயங்கிவிடுவார்.

இடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் தண்ணீரைவிட்டு வெளியே. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணும் ஒவ்வொரு மூன்று நொடியும் ஒரு கிலோமீட்டர். முப்பது நொடி என்றாலே மின்னல் எட்டக்கூடிய தூரம்தான். கடைசி இடிக்குப் பின் அரை மணி பொறுத்துத்தான் மறுபடி இறங்க வேண்டும். நிழலுக்காகத் தென்னையின் நேரடியில் படுக்காதீர்கள். கரீபியன், மத்திய அமெரிக்கக் கரைகளில் மான்சினீல் என்றொரு மரம் உண்டு. சிறு பச்சை ஆப்பிள்போலக் காய்க்கும். காய் நஞ்சு. மழையில் அதனடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீர்கூடத் தோலைக் கொப்புளிக்க வைக்கும்.

இனிச் சாமான்கள். குடிநீர் ஆளுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர். எட்டுப் பேருக்கு 28 லிட்டர் என்று வையுங்கள். பாதி பாட்டில்களை முக்கால் பங்கு நிரப்பி உறைய வைத்துவிட்டால் அவையே பனிக்கட்டியும் ஆகும், பிற்பகலில் குளிர்ந்த குடிநீரும் ஆகும். உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நான்கைந்து. இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும்.

சன்ஸ்கிரீனை எல்லோரும் மிகக் குறைவாகவே பூசுகிறார்கள். வளர்ந்த ஒருவர் உடல் முழுக்கப் பூச ஒரு தடவைக்கு 30 மில்லிக்கு மேல் தேவை, இரண்டு மணிக்கொருமுறை திரும்பப் பூச வேண்டும். 100 மில்லிக் குழாய் ஒருவருக்கு மூன்று முறைதான் வரும். எட்டுப் பேருக்குக் கணக்குப் போட்டால் முழுக்கைச் சட்டையே சிக்கனம். ஸ்நார்கெல் போடுபவர்களுக்கு முதுகும் முழங்கால் பின்புறமும்தான் வெந்துபோகும். ஆக்சிபென்சோன் கலந்தவற்றைத் தவிருங்கள். பவளங்களுக்குத் தீங்கு என்று பலாவ் 2020 முதலும் ஹவாய் 2021 முதலும் அவற்றின் விற்பனையைத் தடைசெய்திருக்கின்றன.

முதலுதவிப் பையில் ஒரு லிட்டர் வினிகர், ஒரு பெரிய குடுவையில் வெந்நீர், சாமணம், கிருமிநாசினி, கட்டுத்துணி. திருக்கை, கல்மீன், கடல் முள்ளெலி கொட்டினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி வரை வெந்நீரில் முக்கிவைக்க வேண்டும். சூடு அந்த நஞ்சைச் செயலிழக்கச் செய்யும். வலியில் இருப்பவருக்குச் சூடு சரியாகத் தெரியாது, எனவே இன்னொருவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்லட்டும். பெட்டி ஜெல்லிமீன் பட்டால் குறைந்தது முப்பது நொடி வினிகர் ஊற்றி, பிறகு இழைகளைச் சாமணத்தால் எடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். நீலப் பைபோல மிதக்கும் புளூபாட்டிலுக்கு வினிகர் வேண்டாம், கடல்நீரால் கழுவி வெந்நீர்தான். இந்த இரண்டுக்கும் நன்னீரால் கழுவுவதும் மணலால் தேய்ப்பதும் கூடாது. தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டுச் செல்களையும் அது வெடிக்க வைக்கும். பவளம் கிழித்த காயம் மட்டும் நேர்மாறு: சுத்தமான நீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவாவிட்டால் உள்ளே தங்கும் துகள் சீழ் பிடிக்கும்.

மாற்றுத்துணி, சாவி, மருந்து எல்லாம் 20 லிட்டர் நீர்புகாப் பையில். அதன் வாயை மூன்று முறையாவது மடித்துத்தான் கொக்கி மாட்ட வேண்டும். போன் உறையை நம்புவதற்கு முன், உள்ளே ஒரு காகிதக் கைக்குட்டையை மட்டும் வைத்து மூடி அரை மணி வாளி நீரில் அமுக்கி வையுங்கள். காகிதத்தின் மூலையில் சிறு ஈரம் தெரிந்தாலும் அந்த உறை வேண்டாம். குப்பைக்கு இரண்டு பை. சில தீவுகளுக்கு முன் அனுமதி தேவை, ஆமை முட்டையிடும் காலத்தில் மூடியும் வைப்பார்கள். படகு பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, கரையில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டிய துண்டுத்தாள். படகின் பெயர், நிறம், பதிவெண், படகோட்டியின் எண், எத்தனை பேர், எந்தத் தீவின் எந்தப் பக்கம், கரை சேரும் நேரம் 4.00. அதற்குக் கீழே இன்னொரு வரி: "5.00 மணி வரை தகவல் இல்லையென்றால் கடலோரக் காவலுக்குச் சொல்லவும்." 4.00 மட்டும் எழுதினால் அவர் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று ஆறரை வரை காத்திருப்பார், அதற்குள் இருட்டிவிடும். கரை சேர்ந்ததும் முதல் வேலையாக அவரை அழையுங்கள். நீங்கள் மறந்துவிட்டுக் குளிக்கப் போனால் தேடும் படகு உங்களுக்காகக் கிளம்பிவிடும்.